பல்லக்கு, சப்பாத்து, பெயர்

புதுச்சேரியின் வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர் வந்து வடம் பிடிப்பது வழக்கமாக இருந்தது. ஆட்சி மாறியும் வழக்கம் விட்டுப்போகவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் வருகிறார். மதநல்லிணக்கத்தின் அடையாளம் என்று இதைச் சொல்வார்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் ஊர் தன்னை நம்ப வேண்டுமானால் ஆட்சியாளர் ஊர் பார்க்க எதையாவது செய்தாக வேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. ஆளுநருக்கு அந்தத் தோற்றம் செலவில்லாமல் கிடைத்தது. ஒரு வருடம் வராமல் போனால் பதவியா போய்விடும்? அவருக்குக் கீழிருந்த தமிழர்களின் கதை வேறு. பல்லக்கில் போவது, காலில் சப்பாத்து அணிவது, பெயரோடு ஒரு குடும்பப்பெயர் சேர்த்துக்கொள்வது என எல்லாமே கேட்டு வாங்க வேண்டியவை. நாணயமானவனுக்குத் தானாக வந்து சேர்ந்த மரியாதைகளாக இவற்றைப் படிப்பது பிழை என்பதே என் வாதம். கொடுப்பவனின் கை நீளும் வரைதான் இவற்றுக்கு மதிப்பு. அந்தக் கையிலிருந்து இவற்றைப் பிடுங்கிச் சட்டத்துக்குள் கொண்டுபோக இங்கே நடந்த முயற்சிதான் நாம் கவனிக்க வேண்டிய வரலாறு.

திறமையும் நேர்மையும் இருந்ததால்தானே கம்பெனியின் இடைத்தரகர்களான துபாஷிகளுக்குப் பல்லக்கும் பிரம்பும் கிடைத்தன என்று கேட்கலாம். நைனியப்பப் பிள்ளையைப் பார்த்தால் போதும். 1708-இல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகரானவர். கப்பல் சரக்குக்கு வணிகர்களைச் சேர்த்துக் கொடுத்ததில் அவர் வாக்கே பிணையாக இருந்தது. 1716-இல் ஆளுநர் எபேர் அவரைக் கைது செய்தார். கடைத்தெருவில் 50 கசையடி, 3 ஆண்டுச் சிறை, பெரும் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. மறுவருடம் அவர் சிறையிலேயே இறந்தார். பிற்பாடு அந்தத் தீர்ப்பு செல்லாது என்றானது. மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்கே போய் ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார். தந்தையின் திறமை கைதுக்கு முந்தின நாளும் மறுநாளும் ஒன்றுதான். மாறியது ஆளுநரின் மனம். மகன் மீட்டெடுத்ததும் உள்ளூரில் சம்பாதித்த பெயரால் அல்ல, ஆளுநர் மாளிகையைவிடப் பெரிய அரண்மனையின் தயவால்.

நைனியப்பர் கசையடி பட்டபோது அவருடைய உறவுப் பிள்ளை ஆனந்தரங்கருக்கு ஏழு வயது இருக்கும். 1736-இல் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பில் யாருக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாருக்கு என்ன சீலை கொடுத்தார்கள், யார் எதிர்கொண்டு வந்து அழைத்தார்கள் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக வருகிறது. தற்பெருமை என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது கடன் ஏட்டைப் போலத் தெரிகிறது: வரவு வைத்த ஒவ்வொரு மரியாதையும் எந்த நாளும் திரும்பக் கேட்கப்படலாம் என்று தெரிந்தவர் எழுதியது. அவர் தலைமைத் துபாஷியாக இருந்த காலத்தில்தான், 1749-இல், சந்தா சாகிபு வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு அளித்தார். முசாபர் ஜங் ஆனந்தரங்கருக்கு 3000 குதிரை மன்சப் என்ற படைத்தகுதி கொடுத்து மேலும் உயர்த்தினார். 1756-இல் ஆளுநர் லெரி அவரை விலக்கியபோது அந்த மன்சப் அவருடைய துபாஷிப் பதவியைக் காப்பாற்றவில்லை.

அடுத்த நூற்றாண்டில் சண்டை காலுக்கு வந்தது. வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873-இல் ஐரோப்பியச் சப்பாத்தும் காலுறையும் அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். அது நீதிபதியை அவமதிப்பது என்று தடுத்தார்கள். அவர் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். வெள்ளைக்காரனைப் பார்த்துக் காப்பியடித்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்ற கேள்வி அன்றும் இருந்திருக்கும், இன்றும் கேட்கலாம். காப்பிதான் வேண்டுமென்றால் சப்பாத்தைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, வீட்டில் போட்டுக்கொண்டிருக்கலாம். கட்சிக்காரன் தன் வக்கீலை எங்கே பார்க்கிறான்? நீதிமன்றத்தில். வெறுங்காலோடு நிற்கும் வக்கீலையும் சப்பாத்தோடு நிற்கும் ஐரோப்பிய வக்கீலையும் ஒரே அறையில் பார்க்கிறவன் வழக்கை யாரிடம் கொடுப்பான் என்பது தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. ஆனந்தரங்கர் மரியாதையை எண்ணி எழுதினார். பொன்னுத்தம்பி அதை வழக்காக்கினார். தீர்ப்பு வந்தபின் எந்த ஆளுநரும் நினைத்த மாத்திரத்தில் அதைப் பறிக்க முடியாது.

1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை இந்தச் சட்ட வழியைக் கிராமத்துக்குக் கொண்டுபோனது. சொந்த மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்துக்குள் வரலாம். பிறப்பு, இறப்புப் பதிவு அதிகாரி முன்னால் சொன்னால் போதும், ஒரு குடும்பப்பெயர் தேர்ந்துகொள்ள வேண்டும், பிறகு திரும்பிப்போக வழியில்லை. பொன்னுத்தம்பி ‘லாபோர்த்’ ஆனார். ஓராண்டு முன்னால், 1880-இல்தான் வில்லியனூரும் பாகூரும் தனித்தனிக் கொம்யூன்களாகி, இந்தப் பதிவு நடக்கும் மேரிகள் (நகராட்சி அலுவலகங்கள்) உருவாகியிருந்தன. இப்படி மரபுச் சட்டத்தைத் துறந்து ‘ரெனோன்சான்’ ஆனவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதிகம். காரணம் கேட்கவே வேண்டாம். மரபுப் பெயரைச் சொன்னாலே எந்தத் தெரு என்று ஊர் கணக்குப் போட்டுவிடும். புதுப் பெயர் குறைந்தபட்சம் பதிவேட்டிலாவது அந்தக் கணக்கை உடைத்தது.

ஏட்டில் எழுதிய பெயரை நிலக்காரர் மதித்தாரா என்பதுதான் வலுவான ஆட்சேபம், அதை என்னால் முழுமையாகத் தள்ள முடியவில்லை. அரசே அந்தப் பெயரை எவ்வளவு மதித்தது என்பதை வாக்குரிமையில் பார்க்கலாம். ரெனோன்சான்கள் முதலில் ஐரோப்பியரோடு ஒரே வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். எண்ணிக்கை கூடக்கூட ஐரோப்பியருக்குக் கலக்கம். மறுபக்கம், மரபைக் காக்கும் கட்சியை நடத்திய சண்முக வேலாயுத முதலியாருக்கும் ரெனோன்சான்கள் ஆகாது. 1884-இல் அவர்களுக்கென்று தனிப்பட்டியல் போட்டார்கள். 1899-இல் அதையும் எடுத்து, பெரும்பாலோரை இந்தியர் பட்டியலுக்கே அனுப்பினார்கள். பெயரைப் பறிக்க முடியாதபோது பெயர் எழுதும் பக்கத்தை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் நைனியப்பருக்கு நேர்ந்ததும் இதுவும் ஒன்றல்ல. அவரிடமிருந்து எல்லாவற்றையும் எடுக்க ஓர் ஆளுநர் போதுமாக இருந்தது. ரெனோன்சானை ஒதுக்கப் பாரிஸிலிருந்து ஆணைமேல் ஆணை வர வேண்டியிருந்தது, அப்போதும் பெயர் பதிவேட்டில் நின்றது. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியைப் பிரான்சு இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றானது. சுமார் 5000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். யாரிடமும் சப்பாத்தைக் கேட்கவில்லை, பல்லக்கைக் கேட்கவில்லை. இந்த மண்ணில் பிறந்ததற்கான சான்றும் ஒரு கையெழுத்தும் போதும்.