ரேஸ் டிராக்கில் ஓட்டிய காரின் பிரேக்கில் புதுச் சத்தமா? எது சாதாரணம், எது ஆபத்து? - முழு விளக்கம்

இருங்காட்டுக்கோட்டை, கோவை, கிரேட்டர் நொய்டா ஆகிய இடங்களில் உள்ள பந்தயத் தடங்களில் சொந்த ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. பலருக்கும் சந்தேகம் வருவது வீடு திரும்பும்போதுதான். காலையில் சத்தமே இல்லாமல் வந்த கார், மாலையில் முதல் சிக்னலிலேயே 'கீச்' என்று கத்தும். இல்லையென்றால் சக்கரத்தின் பக்கம் 'கரகர'ன்னு ஏதோ உரசும்.

இதில் சில சத்தங்களால் ஒரு பிரச்னையும் இல்லை. சில சத்தங்களைக் கேட்டால் காரை அந்த இடத்திலேயே நிறுத்தியாக வேண்டும். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

டிராக்கில் பிரேக்குக்கு என்ன ஆகிறது?

பிரேக்கின் வேலை, காரின் வேகத்தை வெப்பமாக மாற்றுவது. 1,400 கிலோ எடையுள்ள கார் ஒன்று 200 கி.மீ வேகத்தில் இருந்து 80 கி.மீ-க்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரே பிரேக்கில் உண்டாகும் வெப்பம், சுமார் 6 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதே கார் ஊருக்குள் 60 கி.மீ வேகத்தில் வந்து முழுசா நிற்கும்போது உண்டாகும் வெப்பத்தைப் போல இது 9 மடங்குக்கும் மேல்.

டிராக்கில் இப்படி ஒவ்வொரு சுற்றிலும் பல முறை நடக்கும். ஆறுவதற்கு நேரம் கிடைக்காததால் டிஸ்க்கின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். இந்தச் சூட்டில் பிரேக் பேட், டிஸ்க், காலிப்பர், ரப்பர் உறைகள், பிரேக் ஆயில் எல்லாமே பாதிக்கப்படும். சத்தம் என்பது அதன் வெளி அடையாளம்.

எந்தச் சத்தம் எதைச் சொல்கிறது?

1. 'கீச்' சத்தம்: பேடும் டிஸ்க்கும் உரசும்போது ஏற்படும் வேகமான அதிர்வுதான் இது. டிராக்குக்கென்றே தயாரிக்கப்படும் பேடுகள், சூடு ஏறாத நிலையில் கத்துவது சகஜம். பிரேக் வழக்கம்போல் பிடித்தால் பயப்பட வேண்டாம். ஆனால் சாதாரண ரோடு பேடில் ஓட்டியிருந்தால், அதிக சூட்டில் பேடின் மேற்பரப்பு கண்ணாடி போல மினுமினுப்பாக மாறியிருக்கலாம். அப்படியானால் சத்தத்தோடு பிடிமானமும் குறையும். பேடைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

2. ஓடும்போதே கேட்கும் மெல்லிய கீச்: பல கார்களின் பேடில் சிறிய உலோக நாக்கு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுச் சத்தம் போடும். சில கார்களில் இதற்குப் பதிலாக சென்சார் இருக்கும். டாஷ்போர்டில் விளக்கு எரியும். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: பேடை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

3. 'கரகர' உரசல்: பிரேக்கைத் தொடாமல் ஓடும்போதே கேட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் இடையில் சிறு கல் சிக்கியிருக்கலாம். தடத்தை விட்டு விலகி ஜல்லியில் இறங்கிய கார்களில் இது நடக்கும். மெதுவாகக் கொஞ்ச தூரம் பின்னோக்கி நகர்த்தினால் சில நேரம் கல் தானாகவே விழுந்துவிடும். தகடு வளைந்து டிஸ்க்கைத் தொட்டாலும் இதே சத்தம்தான் வரும்.

4. பிரேக் பிடிக்கும்போது 'கர்ர்ர்' என்ற அரைக்கும் சத்தம்: இதுதான் மோசமானது. பேடின் உராய்வுப் பகுதி முழுக்கத் தீர்ந்து, இரும்புத் தகடு நேராக டிஸ்க்கில் உரசுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று கிளம்பக் கூடாது.

5. 'டக்' சத்தம்: ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் வந்து முதல் முறை பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு 'டக்' கேட்டால், பேட் தன் இடத்தில் லேசாக நகர்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் கேட்டால் காலிப்பர் போல்ட், வீல் நட் தளர்ந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

6. 'வும்... வும்...' சத்தத்தோடு பெடல் அதிர்வது: 'டிஸ்க் வளைஞ்சிடுச்சு' என்று சொல்வார்கள். பெரும்பாலும், சூட்டில் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே சீராகப் படியாமல் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பதே காரணம். ஆரம்பத்திலேயே கவனித்தால், மிதமான பிரேக்குகளைத் தொடர்ந்து பிடித்து, நடுநடுவே ஆறவிட்டு ஓட்டுவதில் சரியாக வாய்ப்புண்டு. இல்லையென்றால் டிஸ்க்கைக் கடைசல் பிடிக்கவோ மாற்றவோ வேண்டும்.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கூடிக் குறைந்து, பிரேக் பிடித்தாலும் மாறாத 'ஊம்' சத்தம் பிரேக்கோடு சம்பந்தப்பட்டதாக இருக்காது. வீல் பேரிங்கைச் சோதிக்க வேண்டும்.

காதை விடக் காலை நம்புங்கள்

சத்தத்தை விட முக்கியமானது பெடல். காலையில் இருந்ததை விட ஆழமாகப் போகிறதா? மிதித்தால் பஞ்சு போல அமுங்குகிறதா? அப்படியானால் பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக் குமிழிகள் உண்டாகியிருக்கலாம். டாட் 4 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அது 155 டிகிரி வரை குறையலாம். மாற்றி ரொம்ப நாள் ஆன ஆயிலோடு டிராக்குக்குப் போவது ஆபத்தாவது இதனால்தான்.

பெடல் கெட்டியாக இருந்தும் கார் பிடிக்கவில்லை என்றால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம். கார் ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் இறுகியிருக்கலாம்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டியவை

பிரேக் நன்றாக ஆறிய பிறகு, சமதரையில், ஸ்டாண்டு வைத்துதான் இதைச் செய்ய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.

* பேட் தடிமன்: உராய்வுப் பகுதி 3 மி.மீ-க்குக் கீழே என்றால் மாற்ற வேண்டும். மறுபடி டிராக்கில் ஓட்டும் எண்ணம் இருந்தால் பாதி தேய்ந்ததுமே மாற்றுவது நல்லது. உள்பக்க பேடையும் பார்க்க வேண்டும்.
* டிஸ்க்: குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மேலே முடி போன்ற மெல்லிய கோடுகள் டிராக் கார்களில் சகஜம். நகம் சிக்கும் அளவுக்கு ஆழமாக இருந்தாலோ, விரிசல் ஓரம் வரை போயிருந்தாலோ, துளைகளை இணைத்திருந்தாலோ டிஸ்க்கை மாற்ற வேண்டும்.
* காலிப்பர்: ரப்பர் உறை கருகியிருக்கிறதா, ஆயில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.
* பிரேக் தூசியை ஊதக் கூடாது. மாஸ்க் அணிந்து ஈரத்துணியால் துடைக்கலாம்.

எப்போது ஓட்டவே கூடாது?

அரைக்கும் சத்தம், அமுங்கும் பெடல், ஆயில் கசிவு, ஓரம் வரை போன விரிசல், ஒவ்வொரு பிரேக்குக்கும் 'டக்' - இதில் ஒன்று இருந்தாலும் காரை ரெக்கவரி வண்டியில்தான் ஏற்ற வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வெளியே வந்ததும் லாரிகள் ஓடும் பெங்களூரு நெடுஞ்சாலை. டிராக்கில் பிரேக் பிடிக்காவிட்டால் விலகிப் போக இடம் விட்டிருப்பார்கள். ரோட்டில் முன்னால் நிற்பது இன்னொருவரின் பைக்.

சத்தம் வராமல் தடுக்க

கடைசிச் சுற்றை பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல், காரை கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது நல்லது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது, விரிசல் விடலாம். டிராக்குக்குப் போகும் முன் பிரேக் ஆயிலை மாற்றி, பேட் தடிமனைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முன் கடைசியாக ஒன்று: ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் 20 கி.மீ வேகத்தில் ஓட்டி, ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். பெடலிலோ சத்தத்திலோ சந்தேகம் இருந்தால் கார் அங்கேயே நிற்கட்டும்.