பசை ஸ்டிக்கரும் சாட்ஜிபிடியும்: இல்லாத தீர்ப்பு கோர்ட்டுக்கு வந்த கதை

இன்னைக்குக் கதை 1873-ல, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துல ஆரம்பிக்குது.

ஒரு வக்கீல் பழைய தீர்ப்பைக் காட்டி வாதாடணும்னா, அது இன்னும் செல்லுமான்னு முதல்ல பார்க்கணும். பின்னாடி வந்த தீர்ப்பு அதை மாத்தியிருக்கலாம். இதுக்கு ஃபிராங்க் ஷெப்பர்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு தீர்ப்பைப் பின்னாடி எந்தெந்த வழக்குகள் மேற்கோள் காட்டின என்பதை அச்சடித்த பசை ஸ்டிக்கர்கள். தீர்ப்புப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கலாம். பிறகு அது புத்தகமாச்சு, கம்ப்யூட்டருக்கும் வந்தது. சரிபார்ப்பதற்கே 'ஷெப்பர்டைஸ்' என்று பேர் வந்துடுச்சு.

சரியா 150 வருஷம் கழிச்சு, 2023. நியூயார்க் ஃபெடரல் கோர்ட். ஏவியாங்கா விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்ததாக ஒரு பயணி போட்ட வழக்கு. காலக்கெடு முடிஞ்சுபோச்சு என்றது கம்பெனி. பயணியின் வக்கீல்கள் பதிலுக்குப் பல தீர்ப்புகளைக் காட்டினார்கள். எதிர்த்தரப்பு தேடியது; சிலது கிடைக்கவே இல்லை. அதில் ஒன்று 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்'. தொகுதி 925, பக்கம் 1339 என்று முகவரியெல்லாம் பக்கா. அங்கே போய்ப் பார்த்தா இருந்தது வேற வழக்கு!

எல்லாம் சாட்ஜிபிடி உருவாக்கியது. "இது உண்மையான வழக்கா?" என்று வக்கீல் அதனிடமே கேட்டிருக்கார். அதுவும் ஆமாம் என்றது. நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் போட்டார். ஏஐ பயன்படுத்தியது தப்புன்னு அவர் சொல்லலை. சரிபார்க்காததும், கோர்ட் சந்தேகப்பட்ட பிறகும் அதையே பிடிச்சுக்கிட்டு நின்னதும்தான் தப்பு. பயணியின் வழக்கும் காலக்கெடு தாண்டியதால் தள்ளுபடி ஆச்சு.

நம்ம துறைக்காரங்களுக்கு இது புரியும். மொழி மாடல் அடுத்த வார்த்தையைக் கணிக்குது. பெயர், தொகுதி, பக்கம், வருஷம் என்ற அச்சு மாறாத வடிவம் அதுக்கு ரொம்ப சுலபம். இல்லாத லைப்ரரியை அழகா இம்போர்ட் பண்ணிக் கொடுக்கிற மாதிரிதான்.

ஷெப்பர்ட் கேட்டது, "இந்தத் தீர்ப்பு இன்னும் செல்லுமா?" என்று. "இப்படி ஒரு தீர்ப்பு இருக்கா?" என்று அவர் கேட்க வேண்டியிருக்கலை. ஸ்டிக்கர் ஒட்ட ஒரு பக்கம் இருந்தே ஆகணுமே! இப்போ அந்த இரண்டாவது கேள்வியையும் நாமதான் கேட்கணும். கேட்காம விட்டா, இல்லாத தீர்ப்பு ஒரு நிஜத் தீர்ப்புக்குள்ள நுழையும். அதை அடுத்த வக்கீல் நம்பி எடுத்துக்காட்டுவார். அதில் சிக்குறது யாரோ ஒருத்தரோட வீடு, வேலை, ஜாமீன்.

அதனால, ஏஐ கொடுக்கிற முகவரியை வாங்கிக்கோங்க. ஆனா அந்த வீட்டுக்கு நீங்களே ஒரு தடவை போய்ட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.