இரும்பில் பொறித்த எழுத்து: புதுச்சேரியும் லெபல் துப்பாக்கியும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அண்மையில், முதல் உலகப்போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச்சின்னம் உள்ளது. 1938இல் திறந்துவைக்கப்பட்ட அச்சின்னத்தின் நடுவே ஒரு போர்வீரன் தலைகவிழ்ந்து நிற்கிறான். பிரெஞ்சு இராணுவத்தில் பணிபுரிந்து திரும்பியோரை இவ்வூரார் 'சொல்தா' என்றே அழைப்பர். அவர்தம் வீடுகளில் பதக்கங்களும் புகைப்படங்களும் காக்கப்படுகின்றன. அரிதாக ஒரு பழைய துப்பாக்கியும் இருப்பின், அது தாத்தா ஜெர்மானியரோடு பொருத துப்பாக்கி என்னும் கதையும் உடனிருக்கும். அக்கதையை நாம் சோதிப்பது எங்ஙனம்?

கல்வெட்டைப் படிப்பதுபோல் இரும்பைப் படிக்க வேண்டும். அப்போரில் பிரெஞ்சுக் காலாட்படையின் முதன்மைத் துப்பாக்கி 1886ஆம் ஆண்டின் லெபல். 1884இல் பால் வியேய் கண்டறிந்த புகையில்லா வெடிமருந்துக்காகவே அது உருவாயிற்று. 8 மில்லிமீட்டர் குழல், ஏறத்தாழ 1.3 மீட்டர் நீளம், நான்கு கிலோவுக்குச் சற்று மிகுந்த எடை. குழலுக்குக் கீழே மறைந்திருக்கும் குழாயில் எட்டுத் தோட்டாக்கள் அடங்கும். வெளியே தெரியாத அக்குழாயில் பழைய தோட்டா எஞ்சியிருக்கலாம். ஆதலின் அறிந்தவர் துணையின்றித் தொடலாகாது.

செந்தெத்தியென், ஷாத்தெல்ரோ, துல் ஆகிய மூன்று அரசு ஆலைகளுள் ஒன்றன் பெயர் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். குழலிலும் தாழிலும் அடிக்கட்டையிலும் உள்ள எண்கள் ஒத்திருப்பின் உறுப்புகள் மாறவில்லை எனலாம். இடைச்செருகலற்ற சுவடிக்கு நாம் தரும் மதிப்பே அதற்கும் உரியது.

'என்' என்னும் உரோமன் எழுத்து தனியே பொறிக்கப்பட்டிருப்பின் கதை திரும்புகிறது. 1932இல் ஏற்கப்பட்ட புதிய தோட்டாவுக்கேற்பக் குழலறை திருத்தப்பட்டதன் அடையாளம் அது. அத்துப்பாக்கி 1932க்குப் பின்னரும் படைக்கலக் கொட்டிலில் இருந்தது என்றே பொருள். 1918இல் தாத்தாவோடு வீடு திரும்பியிருக்க இயலாது.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். துப்பாக்கி அரசின் உடைமை. பணி முடிந்த சிப்பாய் அதை ஒப்படைத்துவிட்டே வந்தான். லெபலுக்கு முந்தைய, ஒரே தோட்டா கொள்ளும் 1874ஆம் ஆண்டின் கிரா துப்பாக்கிகளோ பெருமளவில் விற்கப்பட்டு, குழலின் சுழல்வரிகள் நீக்கப்பட்டு, வேட்டைத் துப்பாக்கிகளாயின. குழலின் உட்புறம் வழவழப்பாயிருப்பின், 'போர்த்துப்பாக்கி' எனப் போற்றப்பட்டது கொக்கு சுட்ட துப்பாக்கியாகவும் இருக்கலாம்.

விலை? லெபல் இருபது லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது, அரும்பொருளன்று. அயல்நாட்டு விலைகள் இங்குப் பொருந்தா. சுடவல்ல துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். செப்பனிட்டாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு விலக்குண்டு. எனினும் அந்நிலையை வீட்டாரே முடிவுசெய்துகொள்ளாமல் காவல்துறையிடம் தெரிவிப்பதே முறை. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதிக்கிறது.

அச்சத்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதும், ஆசையால் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும் ஒரே அழிவுதான். எழுத்து போயின் சான்று போயிற்று. கதை பொய்த்தாலும் தாத்தா போருக்குச் சென்றது பொய்யாகாது. அதற்குப் பதக்கமும் படைப்பணிக் குறிப்பேடும் சான்று கூறும். துப்பாக்கி தன் வரலாற்றை மட்டுமே சொல்லும். அதனைச் சொல்லவிடுவது நம் கடன்.