புளோக்குக்குக் கீழே ஒரு பூங்கா

பூங்கா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை தாவரவியல் பூங்காவும் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையும்தான். ஆனால், சிங்கப்பூரர் ஒருவர் தம் வாழ்நாளில் அதிக நேரம் உட்கார்ந்திருந்த பூங்கா எது? அது பெரும்பாலும் அவருடைய புளோக்குக்குக் கீழே, நாலு இருக்கையும் ஓர் ஊஞ்சலும் ஒரு சறுக்கு மரமும் உள்ள சின்ன இடமாகத்தான் இருக்கும். அந்தச் சின்ன இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை யாரைக் கேட்டு மாற்றுவது என்ற கேள்வியும் அந்த வரலாற்றோடு சேர்ந்தே வந்திருக்கிறது.

1876ஆம் ஆண்டில் சியாங் ஹொங் லிம் என்ற வணிகர், காவல் நிலையத்துக்கு எதிரே இருந்த வெற்றுத் திடலைப் பொதுப் பூங்காவாக்க 3,000 வெள்ளி கொடுத்தார். அபினிலும் சாராயத்திலும் ஈட்டிய பணம்தான் என்றாலும் ஊருக்கு ஒரு பச்சை இடம் கிடைத்தது. இன்றைய ஹொங் லிம் பூங்கா அதுவே. 2000ஆம் ஆண்டில் அங்கேதான் பேச்சாளர் முனை அமைந்தது. அந்தக் காலத்தில் பூங்கா என்பது செல்வந்தர் மனமிரங்கித் தரும் கொடை. குடியிருப்போடு சேர்ந்து வரும் உரிமை என்று அதை யாரும் நினைத்ததில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் பிறந்தபோதும் அந்த நினைப்பு உடனே மாறிவிடவில்லை. மாறவும் நேரமில்லை. 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் கழகம் 50,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. தலைக்கு மேல் கூரை, குழாயில் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். இவை கிடைத்த குடும்பம் ஊஞ்சல் எங்கே என்று கேட்குமா?

1963 ஜூன் 16ஆம் தேதி ஃபாரர் சர்க்கஸ் வட்டத்தில் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். 1967இல் ‘பூந்தோட்ட நகரம்’ என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது. முதலில் சாலையோர நிழல் மரங்கள், பிறகு வண்ணப் பூச்செடிகள். 1980களில் வீட்டுப் பேட்டைகளில் பழ மரங்களும் வந்தன. ஆனால், மரம் நடுவது ஒரு வேலை. பிள்ளைகள் விளையாட இடம் அமைப்பது வேறு வேலை.

அந்த இரண்டாவது வேலை கோர் ஈன் கீ என்பவரிடம் வந்தது. அவர் கழகத்தில் உள் அலங்கார வடிவமைப்பாளர். விளையாட்டு மைதானம் வரைவது அவர் படித்த படிப்பல்ல. கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த லியு தை கெர், சிங்கப்பூர் அடையாளம் உள்ள விளையாட்டிடங்கள் வேண்டும் என்றார். அதன் விளைவே 1979இல் தோ பாயோ லோரோங் 6இல் எழுந்த டிராகன். மொசைக் ஓடு பதித்த தலை, வளைவு வளைவாகச் செல்லும் இரும்பு வளைய உடல், டெராசோ சறுக்கு மரம், சுற்றிலும் மணல். யானை, புறா, தர்பூசணி, சம்பான் என்று மற்ற பேட்டைகளில் ஒவ்வொன்றும் ஒரு வடிவம் எடுத்தது. வெயில் நேரத்தில் டெராசோவில் சறுக்கியவர்களுக்குத் தொடையில் பட்ட சூடு இன்னமும் நினைவிருக்கும்!

1990களில் இவை ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. மணலில் பூனை, நாய் அசுத்தம் செய்தது. கண்ணாடித் துண்டும் கிடந்தது. மழை பெய்தால் சேறு. பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பிளாஸ்டிக் விளையாட்டுச் சாதனங்களும் ரப்பர் தரையும் வந்தன. விழுந்த பிள்ளைக்கு அடி குறைவு, துப்புரவும் எளிது. தாய்மார்கள் வரவேற்றதில் வியப்பில்லை. ஆனால், உட்லண்ட்ஸ் சறுக்கு மரத்துக்கும் பிடோக் சறுக்கு மரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

இதே காலத்தில்தான் மேம்பாடு என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கியது. 1989இல் முக்கிய மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். செலவில் ஒரு பங்கைக் குடியிருப்பாளர் ஏற்க வேண்டும். வாக்களிக்கத் தகுதியுள்ள வீடுகளில் 75 விழுக்காடு சம்மதிக்க வேண்டும். 1997 பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சியை ஆதரிக்கும் தொகுதிகளுக்கு மேம்பாட்டில் முன்னுரிமை என்று பிரதமர் கோ சோக் தோங் அறிவித்தார். புளோக்குக்குக் கீழே உள்ள இருக்கையும் நடைபாதைக் கூரையும் அரசியல் ஆயின. அது சரியா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. ஒன்று மட்டும் உறுதி: சின்னப் பூங்காவைச் சின்ன விஷயம் என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

2007இல் அறிவிக்கப்பட்ட அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்தில் முழுச் செலவும் அரசாங்கத்துடையது. நகர மன்றம் வேலையைச் செய்யும். ஆனால், முன்கூட்டியே கூட்டம் போட்டு, வரைபடம் காட்டி, கருத்துக் கேட்க வேண்டும். 75 விழுக்காட்டு ஆதரவு இங்கேயும் தேவை. கேட்கத் தொடங்கினால்தான் சிக்கல் தெரியும். முதியவருக்கு உடற்பயிற்சி மூலையும் கைப்பிடி உள்ள இருக்கையும் வேண்டும். இளையருக்குப் பந்து விளையாட இடம் வேண்டும். இரண்டாம் மாடிக்காரருக்கு இரவு பத்து மணிக்குமேல் அமைதி வேண்டும். இருப்பதோ ஒரு துண்டு நிலம். எல்லாரையும் திருப்திப்படுத்தும் வரைபடம் எந்தக் கட்டடக் கலைஞரிடமும் இல்லை.

கேட்காமலே செய்தவர்களும் உண்டு. புளோக் ஓரத்தில் யாரும் கவனிக்காத மண்ணில் பாட்டிமார் பண்டானும் கறிவேப்பிலையும் செராயும் நட்டு வைத்தது பழைய கதை. 2005இல் தேசிய பூங்காக் கழகம் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கியபோது அந்த ஆசைக்கு முறையான இடம் கிடைத்தது. இன்று 1,500க்கு மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் உள்ளன. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கொத்தமல்லிக் கட்டு கொடுத்தால், பதிலுக்கு முருங்கைக்கீரை போகிறது. இதைவிட மலிவான இன நல்லிணக்கத் திட்டம் கிடைப்பது அரிது.

பழையதைக் காக்கும் குரலும் வலுத்தது. எஸ்ஐடி காலத்தில், 1958இல் கட்டப்பட்ட டக்கோட்டா கிரசெண்ட் பேட்டையிலிருந்து குடியிருப்பாளர்கள் 2016இல் வெளியேறி முடித்தார்கள். முற்றாக இடிபடும் என்றே பலரும் நினைத்தார்கள். குடியிருந்தவர்களும் ஆர்வலர்களும் யோசனை எழுதிக் கொடுத்தார்கள். 2017 டிசம்பரில் ஆறு புளோக்குகளும் நடு முற்றமும் புறா விளையாட்டிடமும் காக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. புறா தப்பித்தது. அதைச் சுற்றி வாழ்ந்த முதியவர்கள் அதற்குள் வேறு பேட்டைகளுக்குப் போய்விட்டார்கள்.

தேசிய பூங்காக் கழகம் இப்போது 400க்கு மேற்பட்ட பூங்காக்களைப் பராமரிக்கிறது. 2030க்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா என்பது இலக்கு.

தோ பாயோ டிராகன் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. பின்னால் இருந்த பழைய புளோக்கிலிருந்து ஆட்கள் போன பிறகும் அதை எடுக்கவில்லை. தாங்கள் பிள்ளைகளாக ஏறியதை இப்போது தங்கள் பிள்ளைகள் ஏறுவதைப் படம் எடுக்கச் சிலர் வருகிறார்கள். காலடியில் ரப்பர் இல்லை, மணல்தான்.