தாயும் சேயும்: பிரிட்டிஷ் நகரங்களின் சுகாதார வரலாறு, 1899–1936

1899ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 160 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மாண்டன. குழாய்நீரும் கழிவுநீர் வாய்க்காலும் நகரங்களுக்கு வந்துவிட்டிருந்தன. பொதுவான இறப்பு விகிதமும் குறைந்துகொண்டிருந்தது. சிசு மரணம் மட்டும் குறையவில்லை. கோடைதோறும் தொழிலாளர் குடியிருப்புகளில் வயிற்றுப்போக்கு பரவியது. தாய்ப்பாலின்றிப் புட்டிப்பால் அருந்திய குழந்தைகளே அதற்கு மிகுதியாகப் பலியாயின.

இதன்மீது அரசின் கவனம் திரும்பியதற்குக் கருணை மட்டுமே காரணம் என்று நாம் கூற இயலாது. தென்னாப்பிரிக்கப் போருக்குச் செல்ல முன்வந்த இளைஞருள் பலர் உடல்தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். மக்களின் உடல்நலிவை ஆராய்ந்த அரசுக் குழு 1904இல் அறிக்கை அளித்தது. பிறப்பு விகிதமும் சரிந்துவந்தமையால், பிறந்த குழந்தையைக் காப்பது பேரரசின் தேவையாயிற்று.

எனினும், செயலில் முந்தியவை நகராட்சிகளே. செயின்ட் ஹெலன்ஸ் நகரம் 1899இலேயே குழந்தைகளுக்குத் தூய்மையான பால் வழங்கும் நிலையத்தைத் திறந்தது. ஹடர்ஸ்பீல்டு நகரில் 1904இல் மேயரான பெஞ்சமின் பிராட்பென்ட், தம் பதவிக்காலத்தில் லாங்வுட் பகுதியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஓராண்டு நிறையும்போது ஒரு பவுண்டு அளிப்பதாக அறிவித்தார். ஆனால், பிறந்த செய்தியே தெரியாமல் குழந்தையைக் காப்பது எவ்வாறு? பிறப்பைப் பதிவுசெய்யச் சட்டம் ஆறு வாரம் அவகாசம் தந்திருந்தது. அதற்குள் இறந்த குழந்தைகள் பல. ஆகவே, 48 மணி நேரத்திற்குள் பிறப்பை அறிவிப்போருக்கு அந்நகரம் ஒரு ஷில்லிங் வழங்கியது. நகராட்சியின் பெண் மருத்துவர்கள் வீடு தேடிச் சென்றனர். இம்முறை 1907இல் விரும்பும் நகரங்கள் ஏற்கத்தக்க சட்டமாகி, 1915இல் நாடெங்கும் கட்டாயமாயிற்று. இதற்கிடையே 1902ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவச்சியரின் பயிற்சியையும் பதிவையும் நெறிப்படுத்தியது.

1921இல் சிசு மரணம் ஆயிரத்துக்கு 83 ஆகக் குறைந்தது. சிறுத்த குடும்பங்கள், உயர்ந்த வருவாய் முதலியனவும் இதற்குத் துணைநின்றன. நகராட்சிகளின் பங்கும் சிறிதன்று.

தாய்மாரின் நிலை வேறு. ஆயிரம் பிரசவங்களுக்கு நான்கைந்து தாய்மார் இறக்கும் நிலை 1930களின் நடுப்பகுதிவரை பெரிதும் மாறவில்லை. பேறுகாலக் காய்ச்சலே அவ்விறப்புகளுக்குப் பெருங்காரணம். வீடு தேடி வந்தவர் பெரும்பாலும் பிறப்புக்குப் பின்னரே வந்தார். தூய்மையையும் தாய்ப்பாலையும் பற்றி அறிவுரை கூறினார். கருவுற்ற பெண்ணுக்கு வேண்டிய ஓய்வையும் உணவையும் மருத்துவரின் கட்டணத்தையும் அறிவுரையால் ஈடுசெய்ய முடியுமா?

இவ்வினாவைத் தாய்மாரே எழுப்பினர். பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் மார்கரெட் லெவலின் டேவிஸ், தொழிலாளர் குடும்பப் பெண்கள் எழுதிய மடல்களைத் தொகுத்து 1915இல் வெளியிட்டார். பேற்று வலி காணும்வரை உழைத்ததையும், கணவனும் பிள்ளைகளும் உண்ணவேண்டித் தாம் அரைவயிறு உண்டதையும், கருச்சிதைவின் துயரையும் அப்பெண்கள் அம்மடல்களில் எழுதினர். 1911ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டம் வழங்கிய 30 ஷில்லிங் பேறுகால உதவித்தொகை, இச்சங்கத்தின் போராட்டத்தினால் 1913இல் தாய்க்கே உரிமையாயிற்று. 1918ஆம் ஆண்டுச் சட்டம், தாய்சேய் நல நிலையங்களை நடத்த நகராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. 1936ஆம் ஆண்டுச் சட்டமோ ஊதியம் பெறும் மருத்துவச்சியர் சேவைக்கு வழிவகுத்தது. அதே காலத்தில் சல்பா மருந்துகள் பேறுகாலக் காய்ச்சலை அடக்கத் தொடங்கின. அதன்பின்னரே தாய்மாரின் இறப்பு விரைந்து சரிந்தது.

பிறப்பை 48 மணி நேரத்திற்குள் அறியக் கற்ற நிருவாகம், அப்பிறப்புக்கு முந்தைய ஒன்பது மாதங்களை நெடுங்காலம் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. குழந்தையின் நலம் தாயின் நலத்திலேயே தொடங்குகிறது என்பதை நகராட்சிக்கு உரைத்தவர்கள், அந்நகராட்சி அறிவுரை கூறச் சென்ற வீடுகளில் வாழ்ந்த பெண்களே என்பதை நாம் மறத்தலாகாது.