கோஷ்டத்தை விட்டுப் போன அர்த்தநாரி

மங்கலம்பேட்டையில் பஸ் ஏறித் தெற்கே போனால் கொஞ்ச நேரத்தில் விருத்தாசலம். இன்று பீங்கானுக்குப் பேர்போன ஊர்; பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்குள்ள பழமலைநாதர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் தேவி. கணவர் மறைந்தபின், மகன் உத்தம சோழனின் ஆட்சியில், 10-ம் நூற்றாண்டின் இறுதியில், செங்கல் கோயில்களைக் கருங்கல்லுக்கு மாற்றுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். சோழர் வரலாறு என்றால் படையெடுப்புகளைத்தான் முதலில் சொல்கிறோம். எனக்கு இந்த அம்மையார் எழுப்பிய சுவர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அந்தக் கோயிலின் வெளிச்சுவர் மாடமான கோஷ்டத்தில் நின்றவர் அர்த்தநாரீஸ்வரர். வலப்பக்கம் விரிந்த தட்டை மார்பு. இடப்பக்கம் முலையும் ஒடுங்கிய இடையும் சாய்ந்த இடுப்பும். இரண்டு உடல்கள் சேரும் இடம் எதுவென்று கண்ணால் தேடினாலும் பிடிபடாது. சிற்பியின் கை அப்படி.

இந்தச் சிலை திருடுபோய், 2004-ல் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். 1970-லேயே டெல்லியில் விற்கப்பட்டதாக ஒரு ரசீதும் கொடுத்தார். ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1974-ல் எடுத்த படத்தில் அர்த்தநாரி கோயில் கோஷ்டத்திலேயே நிற்கிறார். ரசீது பொய் என்பதற்கு அந்த ஒரு படம் போதுமானதாக இருந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து, ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரோடு இதையும் ஒப்படைத்தார். இதே விருத்தாசலம் கோயிலின் பிரத்தியங்கிரா தேவி கான்பெராவிலிருந்து மீண்டது 2016-ல்.

இங்கே இப்படி; இங்கிலாந்திலோ, மெர்சியா என்ற ஆங்கிலோ-சாக்சன் அரசு இருந்த மண்ணில், 2009-ல் ஒரு வயலிலிருந்து தங்கப் புதையல் வெளிப்பட்டது. 32 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, அந்த வட்டாரத்து அருங்காட்சியகங்களுக்கே அதை வாங்கிவிட்டார்கள். அவற்றில் ஒன்று ஸ்டோக்-ஆன்-டிரென்டில் இருக்கிறது. அதுவும் பீங்கான் ஊர்தான். தன் மண்ணின் பொருளைத் தன் மண்ணிலேயே வைத்துக்கொள்ள அவர்கள் காட்டிய முனைப்பைப் பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

நம் கோயில்களில் உற்சவ விக்கிரகங்களுக்காவது பூட்டும் கணக்கும் உண்டு. சுவரில் நிற்கும் கல் தெய்வங்களைப் பெயர்த்தெடுக்க முடியாது என்று நம்பியே விட்டுவிட்டோம். ஒவ்வொரு கோஷ்டத்தையும் அளவெடுத்து, படம் பிடித்து, அந்தப் பதிவேட்டை ஊரார் பார்க்கும்படி கோயிலிலேயே வைக்க வேண்டும். 1974-ல் அந்தப் படத்தை யாரும் எடுக்காமல் போயிருந்தால், அர்த்தநாரி இன்றும் சிட்னியில்தான் இருந்திருப்பார்.