ஊதாரி மைந்தன் உவமையும் தொடக்கத் திருச்சபையின் மன்னிப்பு விவாதமும்

ஊதாரி மைந்தன் உவமை என்பது இயேசு கூறியதாக லூக்கா நற்செய்தியில் மட்டும் (15:11-32) இடம்பெறும் கதை ஆகும். தமிழ்க் கிறித்தவர்களிடையே இதற்குக் காணாமற்போன மகன், கெட்ட குமாரன் என்ற பெயர்களும் வழங்குகின்றன. கடவுளைத் தந்தையாகவும், அவருடைய அன்பை நிபந்தனையற்றதாகவும் காணும் கிறித்தவப் புரிதலுக்கு இவ்வுவமை முதன்மையான சான்றாகக் கருதப்படுகிறது. எனினும், இம்மன்னிப்பு யாருக்கு உரியது, எத்தனை முறை கிடைக்கும் என்ற கேள்விகள் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் திருச்சபையைப் பிளவுபடுத்தும் அளவுக்குக் கடுமையான விவாதத்தை எழுப்பின.

உவமையின் உள்ளடக்கம்

வரிதண்டுவோருடனும் பாவிகளுடனும் இயேசு உணவருந்துவதைப் பரிசேயரும் மறைநூல் அறிஞரும் குறைகூறியபோது அவர் இவ்வுவமையைச் சொன்னதாக லூக்கா எழுதுகிறார். இளைய மகன், தந்தை உயிரோடிருக்கும்போதே தன் சொத்துப் பங்கைக் கேட்டு வாங்கிச் சென்று, தொலைநாட்டில் அதைப் பாழாக்குகிறான். பஞ்சம் வந்தபோது பன்றி மேய்க்கும் நிலைக்குத் தாழ்கிறான். பன்றியைத் தீட்டாகக் கருதிய யூதர்களுக்கு இதைவிட இழிந்த நிலை வேறில்லை.

கூலியாளாகவாவது சேர்த்துக்கொள்ளும்படி கேட்க எண்ணி அவன் வீடு திரும்புகிறான். தொலைவிலேயே அவனைக் கண்ட தந்தை ஓடிச்சென்று கட்டித் தழுவி முத்தமிடுகிறார். மகன் பாவ அறிக்கை செய்வது அதற்குப் பின்னரே. கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்பதற்குள் ஆடை, மோதிரம், மிதியடி ஆகியவற்றைக் கொண்டுவரத் தந்தை ஆணையிடுகிறார். கொழுத்த கன்று அடிக்கப்படுகிறது. இதைக் கண்டு சினமுற்ற மூத்த மகன் வீட்டுக்குள் வர மறுக்கிறான். தந்தை வெளியே வந்து அவனையும் கெஞ்சி அழைக்கிறார். அவன் உள்ளே சென்றானா என்பதைக் கூறாமலேயே கதை முடிகிறது.

தெர்த்தூலியனின் இரு விளக்கங்கள்

முதல் இரு நூற்றாண்டுகளில், திருமுழுக்கு பெறும்போது பாவங்கள் அனைத்தும் நீங்கும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. திருமுழுக்குக்குப் பின் பெரும்பாவம் செய்தவரின் நிலையே சிக்கலாக இருந்தது. அத்தகையோருக்கு இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு என்றது 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெர்மாசின் 'மேய்ப்பர்' என்னும் நூல்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைச் சேர்ந்த தெர்த்தூலியன், மனமாற்றம் பற்றிய தம் நூலில் இதே கருத்தை ஆதரித்தார். மன்னிப்பை நாடுவோர் சாக்கு உடுத்தி, சாம்பலில் அமர்ந்து, நோன்பிருந்து எல்லார் முன்னிலையிலும் தவம் செய்ய வேண்டியிருந்தது. இதற்கு அஞ்சித் தயங்குவோரைத் தேற்றும்பொருட்டு அவர் ஊதாரி மைந்தன் உவமையை எடுத்துக்காட்டி, கடவுளைப்போலத் தந்தையாக இருப்பவர் எவருமில்லை என்றார்.

பின்னர் கடுமையான ஒழுக்கத்தை வலியுறுத்திய மொந்தானிய இயக்கத்தில் அவர் சேர்ந்தார். அக்காலத்தில், விபசாரம் செய்தோருக்கும் தவத்திற்குப் பின் மன்னிப்பு உண்டு என்று ஓர் ஆயர் அறிவித்ததை எதிர்த்துக் கற்பொழுக்கம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அதே உவமைக்கு நேரெதிரான பொருளைத் தந்தார்: ஊதாரி மைந்தன் பிற இனத்தாரைக் குறிக்கிறானே அன்றித் திருமுழுக்குப் பெற்ற கிறித்தவரை அல்ல. இழந்ததைத் திரும்பப் பெறலாம் என்றால் இழக்க யார்தான் அஞ்சுவார் என்பது அவரது வாதம். தந்தையின் அன்பு எல்லையற்றதென்றால் ஒழுக்கத்திற்கு என்ன காவல் என்ற இக்கேள்வி அவரோடு முடிந்துவிடவில்லை.

தேசியுஸ் காலத்து நெருக்கடி

கி.பி. 250ஐ ஒட்டி உரோமைப் பேரரசர் தேசியுஸ், மக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்கான சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டார். இத்தகைய சான்றிதழ்கள் 40க்கும் மேல் எகிப்தில் பப்பைரசுத் தாள்களாகக் கிடைத்துள்ளன. கிறித்தவர் சிலர் மறுத்துச் சிறை சென்றனர், உயிரும் இழந்தனர். பலர் பலியிட்டனர். வேறு பலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் பெற்றனர்.

துன்புறுத்தல் தணிந்ததும், தவறியவர்கள் திருச்சபைக்குத் திரும்ப விரும்பினர். சிறைப்பட்டிருந்த விசுவாசிகள் சிலர் இவர்களுக்காகப் பரிந்துரைக் கடிதங்களைத் தாராளமாக வழங்கினர். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், தவமின்றி இவர்களை உடனே சேர்ப்பதை ஏற்கவில்லை. நிரந்தரமாக விலக்குவதையும் ஏற்கவில்லை. 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம், சான்றிதழ் மட்டும் பெற்றோரை விசாரித்துச் சேர்க்கவும், பலியிட்டோரை நீண்ட தவத்திற்குப் பின் சாகுந்தறுவாயிலாவது சேர்க்கவும் முடிவெடுத்தது. மீண்டும் துன்புறுத்தல் வரும் எனத் தோன்றியபோது, தவம் செய்துவந்த அனைவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அம்முடிவு தளர்த்தப்பட்டது.

நோவாசியன் பிளவு

இதே 251இல் உரோமையில் கொர்னேலியு ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தவறியவர்களிடம் அவர் காட்டிய பரிவை எதிர்த்த நோவாசியன் என்னும் குரு, போட்டி ஆயரானார். கடவுள் மன்னிக்கமாட்டார் என்று நோவாசியர் கூறவில்லை. பெரும்பாவம் செய்தவர் வாழ்நாள் முழுவதும் தவம் செய்து கடவுளின் தீர்ப்பை எதிர்நோக்கலாம். ஆனால் அவரை மன்னித்துச் சேர்க்கும் அதிகாரம் திருச்சபைக்கு இல்லை என்பதே அவர்கள் நிலைப்பாடு. ஊதாரி மைந்தனைத் தந்தை ஏற்கக்கூடும், ஆனால் இங்கு வீட்டுக் கதவு திறக்காது என்பதாக இது அமைந்தது.

325இல் கூடிய நீசேயா பொதுச்சங்கத்தின் 8ஆம் விதி, திரும்பி வரும் நோவாசியக் குருக்கள் துன்புறுத்தலில் தவறியவர்களுடன் உறவு கொள்ளச் சம்மதிப்பதாக எழுதித்தர வேண்டும் என்றது. சாகுந்தறுவாயில் இருப்போருக்கு நற்கருணையை மறுக்கலாகாது என்றது 13ஆம் விதி. அச்சங்கத்திற்கு வந்திருந்த நோவாசிய ஆயர் அக்கேசியுவிடம், ஏணி வைத்துத் தனியாகவே விண்ணகம் ஏறிக்கொள்ளுமாறு பேரரசர் கான்ஸ்டன்டைன் கூறியதாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ் எழுதியுள்ளார். நோவாசியக் குழு 5ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.

பிற்கால வளர்ச்சி

வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே தவ மன்னிப்பு என்ற வழக்கம் மேலும் சில நூற்றாண்டுகள் தொடர்ந்தது. குருவிடம் தனியே பாவ அறிக்கை செய்து பலமுறை மன்னிப்புப் பெறும் முறையை, 6ஆம் நூற்றாண்டு முதல் அயர்லாந்துத் துறவியர் ஐரோப்பாவில் பரப்பினர். 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவ அறிக்கை செய்வதைக் கட்டாயமாக்கியது. 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர், மன்னிப்பு என்பது மனிதச் செயல்களால் ஈட்டப்படாத கொடை என வலியுறுத்தினார். இது பற்றிய அடிப்படை உண்மைகளில் கத்தோலிக்கரும் லூதரன் சபையினரும் 1999இல் கூட்டறிக்கை வழி உடன்பட்டனர்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1980இல் வெளியிட்ட இறை இரக்கம் பற்றிய சுற்றுமடல், இவ்வுவமையை விரிவாக ஆராய்கிறது. மகன் சொத்தை இழந்தாலும் மகன் என்னும் நிலையை இழப்பதில்லை என்பதும், தந்தை தம் தந்தைமைக்கு உண்மையாயிருப்பதே மன்னிப்பின் அடிப்படை என்பதும் அதன் விளக்கம். தெர்த்தூலியன் முதலில் கூறிப் பின்னர் மறுத்த கருத்துக்கு இவ்விளக்கம் மிக அருகில் உள்ளது.